வெயிலில் ஓடும் விமான நிலையம்

(வாசகர்களின் மின்சாரக் கேள்விகளுக்குத் திருகோணமலையில் ஓய்வில் இருக்கும் மின் மேற்பார்வையாளர் ஒருவர் பதில் சொல்லும் பகுதி.)

கேள்வி: கொச்சி விமான நிலையம் முழுக்க வெயிலில் ஓடுகிறதாமே ஐயா, அப்போ இரவில் பிளேன் இறங்காதா? (வாசகி, உப்புவெளி)

இறங்கும் பிள்ளை, தாராளமாக இறங்கும். பகலில் மிஞ்சும் மின்சாரத்தைக் கேரள மின்வாரியத்தின் கம்பியில் விடுகிறார்கள். இரவில் அதே கம்பியிலிருந்து எடுக்கிறார்கள். வங்கியில் போட்டு எடுப்பது மாதிரித்தான். கொடுத்ததும் எடுத்ததும் சரிக்கட்டினால் "முழுக்க வெயில்" என்று சொல்லிக்கொள்ளலாம். கணக்குப் புத்தகத்தில் அது உண்மை. நள்ளிரவில் ஓடுபாதை விளக்கை எரிப்பது வேறு ஏதோ மின்நிலையம்.

அதற்காக அவர்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2013ல் கூரையில் 100 கிலோவாட் சோலர் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் 2015 ஆகஸ்டில் 12 மெகாவாட்டுக்குப் போனார்கள். 45 ஏக்கர் நிலம், 46,000க்கு மேல் தகடுகள், நாளொன்றுக்குச் சுமார் 50,000 யூனிட். தகடு கழுவிய தண்ணீரிலேயே இடையில் காய்கறி விளைகிறது. 2018ல் ஐ.நா. விருதும் கிடைத்தது. எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு செய்த வேலை: 2021ல் கோழிக்கோடு பக்கம் அரிப்பாறையில் 4.5 மெகாவாட் நீர்மின் நிலையம் கட்டினார்கள். மழை மாதத்தில் வெயில் படுத்துவிடும், ஆறு எழும்பிவிடும். இதுதான் மூளை.

கேள்வி: நம்ம சீனக்குடா விமான நிலையத்திலும் செய்யலாமே? வெயிலுக்கா பஞ்சம்? (தம்பலகாமம் வாசகர்)

வெயிலுக்குப் பஞ்சமில்லைத் தம்பி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிறது. குடாவுக்கு அந்தப் பக்கம் சம்பூரில் 120 மெகாவாட் சோலர் திட்டத்தின் கட்டுமானம் 2025 ஏப்ரலில் தொடங்கிவைக்கப்பட்டது. கொச்சி 2015ல் போட்டதைப் போலப் பத்து மடங்கு. அங்கே நிலக்கரி மின்நிலையம் வர இருந்தது, 2016ல் கைவிட்டார்கள். (அந்த நிலத்துக்காகச் சனம் பட்ட பாடு தனிக்கதை, இங்கே இடம் போதாது.)

சீனக்குடா விமானப்படைத் தளம், பயணிகள் விமானம் அரிது. அதற்குக் கொச்சி அளவு வேண்டாம், கொட்டகைக் கூரைகளிலேயே தொடங்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் நமது தீவின் மின்கட்டமைப்பு சின்னது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடி, பகல் தேவை விழுந்துவிட்டது. கூரை சோலர் வைத்திருப்பவர்களைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டது. நல்ல வெயில், வாங்க ஆளில்லை! ஆகவே இங்கே சோலர் போடுகிறவர் பற்றரிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும். கடற்கரை உப்பைக் கழுவ ஆளும் வேண்டும், அதைக் கொட்டேஷனில் யாரும் எழுதுவதில்லை.

கேள்வி: தகடுகளின் பளபளப்பு விமானியின் கண்ணைக் கூசச் செய்யாதா? (மூதூர் மாணவர்)

தகடு வெயிலை விழுங்கச் செய்த பொருள், கண்ணாடி போல் திருப்பி அடிக்காது. சீனக்குடாவில் இறங்குகிறவர் கடலின் மினுக்கத்தைப் பார்த்துப் பழகியவர்தான். ஆனால் கோணம் தப்பினால் தொல்லை உண்டு. 2012ல் அமெரிக்காவின் மான்செஸ்டர் விமான நிலையத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்களுக்குக் கண் கூசி, தகடுகள் சிலவற்றைத் துணி போட்டு மூட வேண்டி வந்தது. கோபுரத்தில் ஏறி நின்று பார்த்துவிட்டுப் போட வேண்டிய வேலை.

கேள்வி: சோலர் போடக் காசில்லாத விமான நிலையம் என்ன செய்யும்? (நிலாவெளி வாசகர்)

ஏசியைப் பார்க்கும். நம்மைப் போன்ற சூட்டு நாட்டில் பெரிய செலவு அதுதான். பளிங்கு மாளிகை மாதிரி நாலு பக்கமும் கண்ணாடிச் சுவர் கட்டிவிட்டு, பிறகு குளிரூட்டப் பணத்தைக் கொட்டுகிறார்கள். மேற்குச் சுவருக்கு நிழல், ஆளில்லாத மண்டபத்தில் ஏசியைக் குறைக்கும் கருவி, எல்ஈடி விளக்கு, இவை போதும் தொடங்க. அப்புறம், நிற்கும் விமானம் தன் வாலில் உள்ள சின்ன எஞ்சினை ஓட்டி எண்ணெய் எரித்துத்தான் விளக்கும் ஏசியும் போடும். தரையிலிருந்து மின்சாரமும் குளிர்காற்றும் கொடுத்தால் அதை நிறுத்திவிடலாம். நிலையத்தின் கரண்ட் பில் கூடும். விமானக் கம்பனியின் எண்ணெய்ச் செலவு குறையும். யார் பணம் கட்டுவது என்பதில்தான் பேச்சு இழுபடும்.