சுழலி முட்டி நின்றால் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள்

டிசி-3 விமானத்தின் சுழலியை (புரொப்பல்லரை) கையால் சுற்றும்போது முட்டி நிற்கிறது, பின்னோக்கிச் சுற்றினால் விடுகிறது, அப்படியே ஸ்டார்ட் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இரண்டும் வேண்டாம்.

உங்கள் ட்வின் வாஸ்ப் எஞ்சினின் 14 சிலிண்டர்களும் வட்டமாக அமைந்தவை. சும்மா நிற்கும்போது எண்ணெய் கசிந்து அடிச் சிலிண்டர்களில் தேங்கிவிடும். எண்ணெயை அமுக்க முடியாது; அதனால்தான் சுழலி முட்டி நிற்கிறது. ஸ்டார்ட்டர் வலிந்து தள்ளினால், பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும். வளைந்த ராடு அன்றைக்கே உடையாமல் வானத்தில் உடையலாம். எனக்கு அதுதான் பெரிய பயம். பின்னோக்கிச் சுற்றினால் எண்ணெய் உள்ளிழுப்புக் குழாய்க்குள் ஏறி, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் திரும்பி வந்துவிடும்.

ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவை அணைத்து, அடிச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுங்கள். கறுத்த எண்ணெய் கொழகொழவென்று வடியும்; முழுவதும் வடியட்டும். பிறகு முன்னோக்கி மெல்லச் சுற்றிப் பாருங்கள். அப்போதும் முட்டினால், அனுபவமுள்ள மெக்கானிக் பார்க்கும்வரை இயக்காதீர்கள்.