மேப்பில் சிவப்புக் கோடு போடுவது யார்?

கேள்வி: மேப்பில் ரோடு சிவப்பாகத் தெரிகிறதே, செயற்கைக்கோள் மேலே இருந்து நெரிசலைப் பார்த்துச் சொல்கிறதா? (ஓசூர் வாசகர்)

இல்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோளுக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. அது பாட்டுக்கு நேரத்தையும் தான் இருக்கும் இடத்தையும் சிக்னலாக அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை வாங்கி, நீங்கள் நிற்பது எங்கே என்று கணக்குப் போடுவது உங்கள் போன்தான். அப்புறம் அந்தப் போனே இடத்தையும் வேகத்தையும் மொபைல் டேட்டா வழியாக சர்வருக்கு அனுப்புகிறது. அந்த ரோட்டில் ஊர்கிற மற்ற போன்களும் இதையே செய்வதால், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து நிறம் பூசுகிறார்கள். கூகுள் 2009 முதல் இப்படித்தான் செய்கிறது.

எல்லா வண்டியிலும் போன் இருக்க வேண்டியதில்லை. 2008 பிப்ரவரியில் பெர்க்லி பல்கலைக்கழகமும் நோக்கியாவும் சேர்ந்து, ஜிபிஎஸ் போன் வைத்த 100 கார்களை கலிஃபோர்னியாவின் ஐ-880 நெடுஞ்சாலையில் சுற்றிச் சுற்றி ஓடவிட்டுப் பார்த்தார்கள். போகிற வண்டிகளில் 2, 3 சதவீதத்தில் போன் இருந்தாலே ரோட்டின் வேகத்தை நன்றாகச் சொல்லிவிடலாம் என்று தெரிந்தது. ஆனால் அது கார்கள் வரிசை பிடித்துப் போகிற ரோடு!

கேள்வி: நம்ம ஊரில் பைக்குகள் சந்து பொந்தில் புகுந்து போகின்றனவே, கணக்கு தப்பாதா? (சேலம் வாசகி)

நல்ல கேள்வி. கார் நகராமல் நிற்க, பைக் இடுக்கில் புகுந்து போய்விட்டால், அதன் வேகத்தைப் பார்த்து ரோடு காலி என்று மேப் ஏமாறலாம். அதனால்தான் இந்தியா உள்ளிட்ட சில நாடுகளில் காரையும் பைக்கையும் பிரித்துப் பார்ப்பதாக கூகுள் சொல்லியிருக்கிறது. எதிர்ப்பக்கமாகவும் ஏமாற்றலாம். சைமன் வெக்கர்ட் என்ற ஜெர்மன் கலைஞர் ஒரு சின்ன கைவண்டியில் 99 போன்களைப் போட்டு பெர்லின் தெருவில் மெதுவாக இழுத்துக்கொண்டு நடந்தார், காலித் தெரு மேப்பில் சிவப்பாகிவிட்டது. 2020-இல் அந்த வீடியோ வந்தபோது பலர் சிரித்தார்கள், எனக்கு அது சரியான பாடமாகத்தான் பட்டது. மேப்புக்குத் தெரிவது போன்கள்தான். எத்தனை வண்டி போகிறது என்று அதற்கு நேரடியாகத் தெரியாது, வேகத்தை வைத்து ஊகிக்கத்தான் முடியும். சிக்னலில் பச்சை எத்தனை விநாடி எரிய வேண்டும் என்று முடிவு செய்ய எண்ணிக்கை வேண்டுமே, அதற்குத்தான் இன்னும் ரோட்டுக்கு அடியில் கம்பிச் சுருளும் கம்பத்தில் கேமராவும் வைக்கிறார்கள்.

கேள்வி: ஸ்மார்ட்போனுக்கு முன்னால் இதெல்லாம் கிடையாதா? (காரைக்குடி வாசகர்)

உண்டு. ஜப்பானில் 1996-லேயே 'விக்ஸ்' (VICS) என்ற நெரிசல் தகவல் சேவை வந்துவிட்டது. ரோட்டோர சென்சார்கள் தரும் தகவலை ஒரு மையத்தில் சேர்த்து, எஃப்எம் வானொலி அலையோடு கலந்தும், சாலையோரக் கருவிகள் வழியாகவும் காரின் திரைக்கு அனுப்பினார்கள். மாதச் சந்தா கூடக் கிடையாது.

கேள்வி: டேட்டாவை அணைத்துவிட்டு வண்டி ஓட்டினால் மேப் வேலை செய்யுமா? (அதே வாசகர்)

முன்கூட்டியே டவுன்லோடு செய்து வைத்திருந்தால் வழி காட்டும். நெரிசல் காட்டாது.