ஆர்டிகுலேட்டரில் இடிக்காத கிரவுன் வாயில் இடிப்பது ஏன்?

பக்கவாட்டு அசைவில் ஆர்டிகுலேட்டரில் (தாடை அசைவைப் போலச் செய்து காட்டும் கருவி) இடிக்காத கிரவுன் (பல்லின் மேல் போடும் உறை) வாயில் இடிக்கிறது, அப்படியானால் கருவியை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பற்கள் முழுதாகக் கடித்து நிற்கும் நிலையை, மவுண்டிங் (பற்களின் வார்ப்பான காஸ்டைக் கருவியில் பொருத்துவது) ஒழுங்காக இருந்தால், தாராளமாக நம்பலாம். தாடை நகரும்போது வரும் தொடுதல் ஓர் உத்தேசம்தான். அங்கே பிழை எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்து வேலை செய்ய வேண்டும்.

சில கோணங்களை மட்டும் மாற்றி அமைக்கக்கூடிய செமி அட்ஜஸ்டபிள் கருவியில் கான்டைல், அதாவது கீழ்த்தாடை மூட்டின் குமிழ், ஓடும் தடம் பெரும்பாலும் நேர்கோடு. மனித மூட்டில் அது வளைவு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கான்டைல் கோணம், அதாவது அந்தத் தடத்தின் சரிவு, 30 டிகிரி இருப்பவருக்கு 40 என்று வைத்துவிட்டால், தடத்தில் 3 மி.மீ. நகரும்போது கருவியின் கான்டைல் 0.43 மி.மீ. கூடுதலாக இறங்கும். இரண்டாம் கடைவாய்ப்பல்லில் அதில் ஏறக்குறைய பாதி, அதாவது 0.2 மி.மீ., பொய்யான இடைவெளியாகத் தெரியும். அந்த இடைவெளியை நம்பி முகடுகளை உயர்த்தினால் வாயில் இடிக்காமல் என்ன செய்யும்? கடிப்பைச் சோதிக்கும் ஷிம்ஸ்டாக் தாளின் தடிமனே 8 மைக்ரான் (0.008 மி.மீ.)தான்.

அதனால் கிரவுன், பிரிட்ஜ் வேலைக்குக் கான்டைல் கோணத்தை உண்மையைவிடச் சற்றுக் குறைவாக, 20–25 டிகிரியில் வைப்பதும், பென்னட் கோணத்தை (பக்கவாட்டு அசைவில் எதிர்ப்பக்கக் கான்டைல் உள்நோக்கி நகரும் கோணம்) 15 என்று தாராளமாக வைப்பதும் நல்லது. முகடுகள் கொஞ்சம் தட்டையாக வரும், அவ்வளவுதான். தவறு நேர்ந்தாலும் வாயில் இடைவெளிதான் கூடும். கோரைப்பல் வழிகாட்டல் செங்குத்தாக இருந்தால் பின்பற்கள் உடனே விலகிவிடும், கோணப் பிழை அவ்வளவாகத் தெரியாது.

ஆனால் பெரும்பாலான வம்பு மவுண்டிங்கில்தான் தொடங்குகிறது. காஸ்டின் பள்ளங்களில் ஒட்டிய சிறு பிளாஸ்டர் குமிழ், கடிப்பைப் பதிந்தெடுத்த, அழுத்தினால் வளையும் மெழுகுப் பதிவு, பல் வரிப்பள்ளம் வரை பதிந்த சிலிகான் – மூன்றுமே காஸ்டை உட்காரவிடாது. பதிவில் முகட்டு நுனிகளின் தடம் மட்டும் மிஞ்சும்படி கத்தியால் சீவிவிடுங்கள். பதிவு மெல்லியதாகவும் இருக்கட்டும்: ஃபேஸ்போவில் (மூட்டிலிருந்து மேல்தாடை இருக்கும் நிலையைக் கருவிக்கு மாற்றும் சட்டம்) எடுத்த தாடைச் சுழல் அச்சு 5 மி.மீ. விலகி, பதிவு 3 மி.மீ. தடித்திருந்தால் இரண்டாம் கடைவாயில் சுமார் 0.2 மி.மீ. பிழை வரும். பல்லைச் செதுக்கும் முன்பே வாயில் எந்தெந்தப் பற்கள் ஷிம்ஸ்டாக்கைப் பிடிக்கின்றன என்று குறித்துக்கொண்டு, மவுண்ட் செய்தபின் காஸ்டிலும் அதே பற்கள் பிடிக்கின்றனவா என்று பாருங்கள். பொருந்தவில்லையென்றால் மறுபடி மவுண்ட் செய்யுங்கள். காஸ்டைச் சுரண்டிச் சமாளிக்க வேண்டாம்.

கோணத்தைக் குறைத்து வைக்கும் விதி முழுப் பல்செட்டுக்குச் செல்லாது. அங்கே இருபுறமும் சமநிலைத் தொடுதல் வேண்டும் என்பதால், கோணம் கூடினாலும் குறைந்தாலும் அது கெடும். தாடையை சுமார் 6 மி.மீ. முன்னே நீட்டவைத்துப் பதிவு எடுத்தே கோணத்தை அமைக்க வேண்டும். அதைவிட மிகக் குறைவாக நீட்டினால் கருவியில் கோணம் நிலையாகக் கிடைக்காது.