தடித்த தோல் வேண்டாம்

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. தான் தன்பாலீர்ப்பாளன் என்று ஆறு மாதத்துக்கு முன் என்னிடம் மட்டும் சொன்னான். எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் அலுவலகத்தில் அப்படிப்பட்டவர்களை யாராவது கிண்டல் செய்தால், இவனும் சேர்ந்து சிரித்துவிட்டு வருகிறானாம். வீட்டுக்கு வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான். "ஊர் ஆயிரம் பேசும், கண்டுக்காதேடா" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். அவன் மனதை எப்படி உறுதியாக்குவது?
– ஓர் அக்கா

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்தக் 'கண்டுக்காதே'யை விட்டுவிடுங்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் தம்பியின் காதில் அது 'வலித்தாலும் என்னிடம் வராதே' என்று விழக்கூடும். கல்லெறிகிறவர்களை விட்டுவிட்டு, அடிபட்டவரிடம் போய்த் தோலைத் தடிமனாக்கிக்கொள் என்பது என்ன நியாயம்?

அவர் சேர்ந்து சிரிப்பதைக் கோழைத்தனமாக எண்ணாதீர்கள். மாட்டிக்கொள்ளாமல் இருக்க அவர் பார்க்கும் இரண்டாவது வேலை அது. 'லீவுக்கு யாரோடு போனாய்?' என்ற சாதாரணக் கேள்விக்கும் ஆளை மாற்றி, பெயரை மாற்றிப் பதில் சொல்ல வேண்டும். நேற்றுச் சொன்ன பொய் இன்றைக்கு ஞாபகம் இருக்க வேண்டும். மாலையில் கதவைச் சாத்தாமல் என்ன செய்வார்?

மனநல ஆய்வாளர் இலான் மேயர் 2003-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இந்தச் சுமையைச் 'சிறுபான்மையினரின் மன அழுத்தம்' என்று விளக்கினார். நேரில் படும் அவமானம் அதில் ஒரு பங்குதான். எப்போது அவமானப்படுவோமோ என்ற காத்திருப்பு, மறைப்பதற்கான பாடு, ஊர் சொன்னதைத் தானே நம்பத் தொடங்குவது ஆகியவையும் அதில் சேரும். கடைசியாகச் சொன்னதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். வெளியில் பேசியவர்கள் ஓய்ந்த பிறகும் உள்ளே அது பேசிக்கொண்டே இருக்கும்.

'என்னை யாருக்கும் பிடிக்காது' என்று தம்பி சொன்னால் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லாதீர்கள். இப்படி முதலில் எப்போது தோன்றியது, யார் பேசியதைக் கேட்டு என்று விசாரியுங்கள். ஒரு வகுப்பறையோ, ஓர் உறவினரோ, ஒரு சினிமா நகைச்சுவைக் காட்சியோ வந்து நிற்கும். அது இன்னொருவருடைய குரல் என்று தெரிந்தாலே அதன் பிடி தளரும். 'எனக்குள் ஏதோ கோளாறு' என்றாரானால், உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது என்று சொல்லுங்கள். அவர் பிறப்பதற்கு முன்பே தீர்ந்துபோன வழக்கு அது!

தைரியம் என்றால் எல்லோரிடமும் சொல்லிவிடுவது என்று ஒரு எண்ணம் இருக்கிறது. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். யாரிடம், எப்போது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். வேலையோ இருப்பிடமோ பறிபோகும் என்றால் சொல்லாமல் இருப்பதும் புத்திசாலித்தனமே. உங்கள் கணவரிடம் சொல்வதற்குக்கூட அவர் அனுமதி வேண்டும்.

அவரைப் போன்ற நண்பர்கள் இரண்டு பேராவது இருக்கிறார்களா? அக்காவின் அன்பு எத்தனை பெரிதாக இருந்தாலும், 'எனக்கும் இப்படித்தான் நடந்தது' என்று உங்களால் சொல்ல முடியாதே. மனநல ஆலோசகரைத் தேடினால், 'மாற்றிவிடலாம்' என்பவர் வாசலைக்கூட மிதிக்காதீர்கள். தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், சாக வேண்டும் போல் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

குடும்பத்துக்கு இதில் எவ்வளவு பங்கு என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கெய்ட்லின் ரயன் குழுவினர் அமெரிக்காவில் 21 முதல் 25 வயதுள்ள தன்பாலீர்ப்பாளர்களையும் இருபாலீர்ப்பாளர்களையும் ஆராய்ந்து 2009-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வளரும் பருவத்தில் குடும்பம் கடுமையாக ஒதுக்கியவர்களிடம் தற்கொலை முயற்சி, அப்படி ஒதுக்கப்படாதவர்களைவிட எட்டு மடங்குக்கும் மேல் இருந்தது. ஆக, நீங்கள் கேட்ட உறுதியில் பாதி உங்கள் கையில்தான் இருக்கிறது.

அடுத்த முறை உறவினர் யாராவது அந்தக் கிண்டலை ஆரம்பிக்கும்போது தம்பி பக்கம் திரும்பாதீர்கள். அந்தப் பார்வையே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். பேசியவரைப் பார்த்து, "இதுல சிரிக்க என்ன இருக்கு? எனக்குப் புரியலையே" என்று நிதானமாகக் கேளுங்கள். அன்றைக்கு ஒரு நாளாவது தம்பி சேர்ந்து சிரிக்க வேண்டியிருக்காது.