தார்ச்சாலை கேள்வி பதில்: எல்லாம் இடைவெளி விவகாரம்

ரோடு வேலையில் தரம் பார்க்கும் லேபில் 27 வருஷம் ஓட்டிவிட்டு இப்போது மதுரையில் சும்மா இருக்கிறேன். தார்க்கலவை பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வாய் தவறிச் சொன்னதில் கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் "எங்கள் தெருவுக்கு எப்போது ரோடு வரும்?" என்று கேட்டிருக்கிறார்கள். அது என் கையில் இல்லை. மற்றவர்களுக்குப் பதில் இதோ.

செல்லூர் வாசகர்: ஐயா, எஸ்டிமேட்டில் பி.எம்., டி.பி.எம்., எஸ்.டி.பி.சி., பி.சி. என்று விதவிதமாக எழுதுகிறார்கள். போட்ட பிறகு எல்லாம் கறுப்பாகத்தான் இருக்கிறது. என்னதான் வித்தியாசம்?

ஒரு படி நிறைய நெல்லிக்காய் போடுங்கள். நடுவில் நிறைய இடம் இருக்கும். அதில் கடலையைக் கொட்டிக் குலுக்கினால் பாதி இடம் அடையும். அப்புறம் கடுகைக் கொட்டினால் கிட்டத்தட்ட மூடிவிடும். கலவைகளின் பெயரெல்லாம் இந்த இடைவெளியை வைத்துத்தான்.

பி.எம். (பிட்டுமினஸ் மெக்கடம்; பிட்டுமின் என்றால் தார்தான்) என்பது நெல்லிக்காய் மட்டும் போட்ட படி மாதிரி. பெரிய ஜல்லி, கொஞ்சம் தார். தண்ணீர் தாராளமாக இறங்கும். அதனால் அதை அப்படியே திறந்து போடக்கூடாது; 48 மணி நேரத்துக்குள் மேல் அடுக்கு வர வேண்டும். டி.பி.எம். (டென்ஸ், அதாவது நெருக்கமான பி.எம்.) அதைவிட நெருக்கமானது. நெடுஞ்சாலைகளில் அடியில் நின்று லாரிப் பாரத்தைத் தாங்குவது அதுதான். 50 முதல் 100 மி.மீ. கனம், குறைந்தது 4 அல்லது 4.5 சதவீதம் தார். பி.சி. (பிட்டுமினஸ் கான்கிரீட்) மேல் அடுக்கு. 30 முதல் 50 மி.மீ. கனம், சிறு ஜல்லி, கல் தூசி, தார் 5.2 சதவீதத்துக்குக் குறையாமல். நன்றாக இறுக்கிய பிறகும் 3 முதல் 5 சதவீதம் காற்றிடைவெளி விட வேண்டும். ஏன் முழுதாக மூடக்கூடாது? சித்திரை வெயிலில் தார் விரியும், வண்டிகள் மேலும் அமுக்கும். உள்ளே இடம் இல்லையென்றால் தார் மேலே கசிந்து ரோடு கண்ணாடி மாதிரி மினுங்கும். மழை நாளில் அங்கே பிரேக் போட்டால் அவ்வளவுதான்.

எஸ்.டி.பி.சி. (செமி டென்ஸ், அதாவது அரை நெருக்கமான பி.சி.) இரண்டுங்கெட்டான். தண்ணீர் உள்ளே போகும், வெளியே வரத் தெரியாது. சக்கரம் அழுத்தும்போது அந்தத் தண்ணீரே கல்லிலிருந்து தாரை உரித்துவிடும். மத்திய சாலை அமைச்சகத்தின் விவரக்குறிப்பிலிருந்து 2013 திருத்தத்தில் அதை எடுத்தேவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமே கிடையாது.

மேலூர், டிப்பர் ஓட்டும் தம்பி: அண்ணே, நடு மத்தியானம் அடிக்கிற வெயிலில் லோடுக்குத் தார்ப்பாய் போடச் சொல்லிப் படுத்துகிறார்கள். வெயில் சூடு போதாதா?

தம்பி, வெயில் 40 டிகிரி, உன் லோடில் இருக்கும் தார்க்கலவை 150 டிகிரி. 40 எப்படி 150-ஐக் காப்பாற்றும்? வி.ஜி.30 என்ற ரகத் தார் போட்ட கலவை பிளான்ட்டில் 150 முதல் 165 டிகிரி வரை இருக்கலாம். விரிக்கும்போது 140-க்குக் கீழே இறங்கக்கூடாது, ரோலர் ஓட்டி முடிக்கும்போது 90-க்கு மேல் இருக்க வேண்டும். ஆறிய கலவையில் ரோலர் எத்தனை தடவை போனாலும் இடைவெளி மூடாது.

ஒரு ராத்திரி வேலையில் லோடு 110 டிகிரியில் வந்து நின்றது. திருப்பி அனுப்பச் சொன்னேன். "இவ்வளவு தூரம் வந்ததைத் திருப்புவதா?" என்று விரித்துவிட்டார்கள். ஐப்பசி மழையில் அந்த இருபது மீட்டர் மட்டும் பொரி கடலை மாதிரி உதிர்ந்தது. மற்ற இடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

இன்னொன்று: கலவை ஒட்டாமல் இருக்கப் பெட்டிக்குள் டீசல் தெளிக்காதே. டீசல் தாரைக் கரைக்கும். சோப்புத் தண்ணீரோ சுண்ணாம்புத் தண்ணீரோ போதும்.

கல்லூரி மாணவர்: சார், வி.ஜி.30, வி.ஜி.40 என்ற எண்கள் எதைக் குறிக்கின்றன?

வி.ஜி. என்றால் விஸ்காசிட்டி கிரேடு. 60 டிகிரி சூட்டில் தார் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதை எண் குறிக்கும். வெயிலில் ரோடு அந்த அளவுக்குச் சுடும். எண் கூடினால் கெட்டி. கனரக லாரி மெதுவாக ஊர்ந்து போகும் இடத்துக்கு 40, நம் ஊர்ச் சாலைகளில் பெரும்பாலும் 30. பழைய ஆட்கள் இன்னும் "60/70" என்பார்கள். அது 25 டிகிரியில் தாருக்குள் ஊசி எவ்வளவு இறங்குகிறது என்ற கணக்கு. பரீட்சையில் இரண்டையும் குழப்பாதீர்கள்.

திருப்பரங்குன்றம் வாசகி: பிளாஸ்டிக் ரோடு நம் ஊரில்தான் கண்டுபிடித்தார்கள் என்கிறார்களே, உண்மையா? பிளாஸ்டிக்கை உருக்கித் தாரில் கலக்கிறார்களா?

உண்மைதான் அக்கா, உங்கள் ஊரில்தான். தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் செய்த வேலை அது. 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆனால் எல்லோரும் நினைக்கிற மாதிரி அவர் தாரில் கலக்கவில்லை. சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. துண்டு துண்டாக வெட்டிய பை, கப், உறைகளை 160, 170 டிகிரியில் இருக்கும் ஜல்லி மேல் தூவுவார்கள். அது இளகிக் கல்லைச் சுற்றி மெல்லிய தோலாகப் படியும். அதன் பிறகுதான் தார். தோல் போர்த்திய கல் தண்ணீரைக் குடிக்காது, தாரும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம் பிளாஸ்டிக் போடலாம் என்று இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற சாலைப் பொறியாளர் அமைப்பின் 2013 வழிகாட்டி சொன்னது.

பி.வி.சி. பைப், வயர் உறையை மட்டும் சேர்க்கவே கூடாது. சூட்டில் குளோரின் கலந்த நச்சுப்புகை வரும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: பிளாஸ்டிக் போட்டுவிட்டோம் என்று தார் அளவையோ ரோலரையோ குறைத்தால் அந்த ரோடும் பெயர்ந்துதான் வரும்.

திருமங்கலம் வாசகர்: எங்கள் பக்கம் நல்ல பி.சி. போட்டும் கோடையில் ஓரம் நீளமாக, விரல் போகிற அளவு வெடிக்கிறது.

கலவை மேல் பழி போடாதீர்கள். அடியில் கரிசல் மண். மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். மேலே என்ன போர்த்தினாலும் அது இழுக்கும். மண்ணை வெட்டி எடுத்து கிராவல் நிரப்ப வேண்டும், இல்லை சுண்ணாம்பு கலந்து பதப்படுத்த வேண்டும். ஓரத்தில் வடிகால் கட்டாயம்.

வில்லாபுரம் வாசகி: மூன்று படி ஏறி வீட்டுக்குள் போவோம். ரோடு போட்டுப் போட்டு இப்போது ஒரு படிதான் மிச்சம்.

பழைய தளத்தை மில்லிங் மிஷினால் சுரண்டிவிட்டுத்தான் புதியது போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்கள். சுரண்டிய பிறகு டேக் கோட் (புது அடுக்கு ஒட்டுவதற்காகத் தெளிக்கும் மெல்லிய தார்ப்பூச்சு) அடிக்கிறார்களா என்றும் பாருங்கள். அடித்ததும் காபிப்பொடி நிறத்தில் இருக்கும், கறுத்த பிறகுதான் கலவையை விரிக்க வேண்டும். அது இல்லையென்றால் புது அடுக்கு தோசை மாதிரி தனியாக எழும்பி வரும்.

மாட்டுத்தாவணி வாசகர்: பஸ் நிற்கும் இடத்தில் மட்டும் ரோடு அலை அலையாக ஏன் ஒதுங்குகிறது?

நின்று, இழுத்துக் கிளம்புகிற பாரம். கூடவே சொட்டுகிற டீசல். அங்கே கான்கிரீட் போடுவதே மேல். தார்தான் வேண்டுமென்றால் எஸ்.எம்.ஏ. (ஸ்டோன் மேட்ரிக்ஸ் அஸ்பால்ட்) என்றொரு கலவை உண்டு. பெரிய கல்லோடு கல் உரசி நிற்கும், நடுவில் கெட்டிச் சாந்து. தார் அதிகம் என்பதால் வழிந்துவிடாமல் நார் சேர்ப்பார்கள். செலவு கூடுதல்.

ஒத்தக்கடை வாசகர்: லேப் இல்லாமல் நாங்களே சோதிக்க வழி உண்டா?

உண்டு. நல்ல மழை விட்டதும் தெருவில் போய் நில்லுங்கள். ரோடு காயும்போது சில இடம் மட்டும் திட்டுத்திட்டாக ஈரமாகவே நிற்கும். பள்ளமாக இல்லாமல் அப்படி இருந்தால், அங்கே இடைவெளி மூடவில்லை, தண்ணீர் உள்ளே இருக்கிறது. தேதியோடு போட்டோ எடுத்து, ஒப்பந்ததாரரின் பராமரிப்புக் காலம் முடிவதற்குள் எழுதிக் கொடுங்கள். குழி விழுந்த பிறகு கொடுத்தால் பேட்ச் ஒர்க்தான் கிடைக்கும்.