அரசவைக் கதைகளில் எனக்குப் பிடித்தவர் ஓலை எழுதுகிறவர்

கேள்வி: ராஜா காலத்து அரண்மனைக் கதைகளை விரும்பிப் படிப்பவரா நீங்கள்? அவற்றில் அப்படி என்ன இருக்கிறது?

விரும்பிப் படிப்பவன்தான். ஆனால் பதிமூன்று வயதில் பிடித்ததும் இப்போது பிடிப்பதும் ஒன்றில்லை.

எங்கள் அத்தை வீட்டுப் பரணில் 'பொன்னியின் செல்வன்' இருந்தது. புத்தகமாக இல்லை, கல்கி பத்திரிகையில் வந்த தொடரை வாராவாரம் கிழித்து, சணல் போட்டுத் தைத்து பைண்டு செய்தது. மணியம் வரைந்த படங்கள் பழுப்பேறி இருக்கும். நடுவில் இரண்டு வாரம் கிடையாது, யாரோ இரவல் வாங்கிப்போய்த் தொலைத்துவிட்டார்களாம். அந்த வயதில் குதிரை, சுரங்கப் பாதை, கத்திச் சண்டை இருந்தால் போதும். மந்திராலோசனை வந்தால் பக்கத்தைத் தள்ளிவிடுவேன்.

இப்போது நேர்மாறு. சண்டையைத் தள்ளிவிட்டு மந்திராலோசனைக்குப் போகிறேன். அப்படி மாறியதற்கு ஒரு செப்பேடு காரணம்.

ஆனைமங்கலம் செப்பேடு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். லெய்டன் செப்பேடு என்றும் சொல்வார்கள். நாகப்பட்டினத்தில் கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா பக்கம்) அரசன் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்த கதை அது. நிலம் 97 வேலிச் சொச்சம், ஆண்டுக்கு நெல் 8,943 கலம். இந்தக் கணக்கை விட, ஆணை நடந்துபோன விதம்தான் எனக்குச் சுவாரசியம். தஞ்சாவூர் அரண்மனையில் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்தபடி ராஜா வாயால் சொல்கிறார். அதை ஓலை எழுதுகிறவர் எழுதுகிறார். ஓலைநாயகங்கள் என்ற மேலதிகாரிகள் படித்துப் பார்த்து ஒப்புகிறார்கள். அப்புறம் வரிக் கணக்கில் ஏற்றவேண்டும். அதற்கு வரிப்பொத்தகம், முகவெட்டி, பட்டோலை என்று அதிகாரிகளின் ஒரு பட்டாளமே இருக்கிறது. கடைசியில் நாட்டார், அதாவது அந்த வட்டாரத்துப் பெரியவர்கள் கூடி, ஒரு பெண் யானையை ஊர் எல்லையைச் சுற்றி நடக்கவிட்டு, அது நடந்த தடத்தில் கல்லும் கள்ளியும் நாட்டுகிறார்கள். ராஜா வாய் திறந்தது 21ஆம் ஆட்சியாண்டு. ஊரில் வேலை முடியும்போது 23ஆம் ஆண்டு ஆகிவிட்டது.

தாலுகா ஆபீஸில் பட்டா மாற்றத்துக்கு அலைந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ராஜராஜ சோழன் சொல்லியே இரண்டு வருஷம்!

இதைப் படித்த பிறகு அரசவைக் கதைகளை நான் படிக்கும் விதமே மாறிப்போனது. ராஜா சொன்ன சொல்லுக்கும் ஊரில் நடந்த காரியத்துக்கும் நடுவே இத்தனை கை இருக்கிறது என்றால், சூழ்ச்சி நுழைய எத்தனை இடம்! எழுதும்போது ஒரு வார்த்தையை மாற்றலாம், ஒப்புவதற்கு நாளைக் கடத்தலாம், ஓலையைக் கொண்டுபோகிறவனை வழியில் மடக்கலாம். வந்தியத்தேவன் ஓலையோடு குதிரையில் கிளம்புவதில் கதை ஏன் சூடு பிடிக்கிறது என்பது எனக்கு நாற்பது வயதில்தான் புரிந்தது.

தவறு கண்டுபிடிக்கிற ஆளா என்றால், ஓரளவுக்கு. செப்பேட்டின்படி பார்த்தால், பொன்னியின் செல்வனில் இளவரசர் காய்ச்சலோடு படுத்திருந்த சூடாமணி விகாரம் கதை நடக்கும் காலத்தில் கட்டப்படவே இல்லை, முப்பது வருஷத்துக்கு மேல் பிந்தியது. இது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஆனால் காஞ்சிபுரத்தில் காலையில் நடந்த கொலை சாயங்காலமே தஞ்சாவூருக்குத் தெரிந்துவிடுகிற நாவலை அங்கேயே மூடிவிடுவேன். சேதி வந்துசேரும் வரை யாருக்கு என்ன தெரியும், யாருக்குத் தெரியாது என்பதில்தானே அரண்மனைக் கதையே ஓடுகிறது.

காட்டுமன்னார்கோயில் பக்கம் போனால் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலுக்கு ஒரு நடை போய்வாருங்கள். பொன்னியின் செல்வன் தொடங்குகிற வீராணம் ஏரி பக்கத்தில்தான் இருக்கிறது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைச் சொல்லும் கல்வெட்டு அங்கே இருக்கிறது. ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டு ஆணை. அவர்கள் நிலம் மட்டுமில்லை, பெரியப்பன், மாமன், மாமனார் என்று உறவுமுறை வரிசையாகச் சொல்லி, அவர்கள் உடைமையையும் பறிக்கச் சொல்கிறது. அந்த நிலத்தை ஒருவர் பொன் கொடுத்து வாங்கி, தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் தர்மமாக எழுதிவைத்ததும் அதிலேயே இருக்கிறது. ஏன் கொன்றார்கள் என்று மட்டும் ஒரு வரி கிடையாது. கொலைக்கும் ராஜராஜனுக்கும் நடுவில் ஆண்ட உத்தம சோழன் ஆட்சி முழுக்க இந்த ஆணை ஏன் வரவில்லை என்பதற்கும் பதில் இல்லை. நான் போனபோது மத்தியானம், நடை சாத்தும் நேரம். செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து எழுத்துக்கூட்டிப் படிக்க முயன்றேன். ஒரு வரிக்கு மேல் ஓடவில்லை. குருக்கள் சாவிக்கொத்தை இரண்டு தரம் குலுக்கிக் காட்டினார். கிளம்பிவிட்டேன்.

கல்கி கூட அந்தக் கொலையை யார் செய்தது என்று போட்டு உடைக்கவில்லை. சின்ன வயதில் அதற்காகக் கோபப்பட்டிருக்கிறேன், இப்போது இல்லை.

யாராவது எழுதினால் முதல் ஆளாகப் படிக்க எனக்கு ஒரு கதை பாக்கி இருக்கிறது. திருவாரூர் கோயிலில் ஒரு கல்வெட்டு, ராஜராஜனின் மகன் ராஜேந்திர சோழனும் அவன் அணுக்கி (நெருக்கமானவள்) பரவை நங்கையும் சாமி கும்பிட நின்ற இடம் தெரிவதற்காக அங்கே ஒரு குத்துவிளக்கு வைத்ததைச் சொல்கிறது. பட்டத்தரசிகள் இருக்க, இவள் அவன் பக்கத்தில் நின்றிருக்கிறாள். அந்த விளக்குக்குத் தினமும் எண்ணெய் ஊற்றியவன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன சொல்லியிருப்பான்?