சைக்கிளைப் பின்னாலிருந்து தள்ளும் மோட்டார் டிரெய்லரோடு ஏற்காடு ஏற முடியுமா?

முடியும். ஏற்றம் பிரச்சினையே இல்லை, வளைவும் இறக்கமும்தான் வம்பு. சேலத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் ஏற வேண்டும். ஆள், சைக்கிள், டிரெய்லர் எல்லாம் சேர்ந்து 130 கிலோ என்றால், இழப்பையும் கூட்டிச் சுமார் 600 வாட்-மணி போதும்; 48 வோல்ட், 20 ஆம்பியர்-மணி பேட்டரி (அதாவது 960 வாட்-மணி) தாராளம்.

டிரெய்லரைச் சைக்கிளோடு இணைக்கும் கொக்கியை சீட் கம்பியில் மாட்டவே மாட்டாதீர்கள். அவ்வளவு உயரத்தில் தள்ளினால் பின்சக்கரம் பக்கவாட்டில் வழுக்கும். பின் அச்சு மட்டத்தில், துளி ஆட்டமில்லாத பால் ஜாயின்ட் (எல்லாப் பக்கமும் திரும்பும் உருண்டை மூட்டு) போடுங்கள். பேட்டரி டிரெய்லர் சக்கரத்துக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். எடை விழாத சக்கரம் ஈர ரோட்டில் சும்மா சுற்றும்.

கொண்டை ஊசி வளைவு 20 இருக்கிறது. திரும்பும்போது மோட்டார் தள்ளினால் டிரெய்லர் மடங்கி ஆளைக் கவிழ்த்துவிடும். முன்கூட்டியே கியரைக் குறைத்து, த்ராட்டிலை விட்டு மிதியுங்கள். பிரேக் லீவரில், பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் சுவிட்ச் கட்டாயம். இறங்கும்போது டிரெய்லர் பின்னாலிருந்து முட்டும், அதற்குத் தனி டிஸ்க் பிரேக் வையுங்கள்.